ஒன்று போனால் இன்னொன்று: ஹாம்சாட் செயற்கைக்கோளில் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள் வைத்தது ஏன்?

2004 டிசம்பர் 26 அன்று காலை சுனாமி அந்தமானைத் தாக்கியபோது, போர்ட்பிளேரில் ஒரு சிறிய ஹாம் ரேடியோ குழு தங்கியிருந்தது. ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் ஏற்பாட்டில், பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் வந்த குழு அது. பல வருடங்களாக ஹாம் ஒலிபரப்பே இல்லாதிருந்த அந்தத் தீவிலிருந்து உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேச வேண்டும் என்ற ஆசையில் வந்தவர்கள். தொலைபேசி இணைப்புகள் அறுந்துபோன அந்த நேரத்தில், பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்த அவர்களின் கருவிகள்தான் தீவுக்கும் இந்தியாவின் மற்ற பகுதிகளுக்கும் இடையே செய்திகளைக் கொண்டு சேர்த்தன. நாகை, கடலூர், குமரி என நம் கரையோர ஊர்க்காரர்கள் எவரும் மறக்க முடியாத நாள் அது. செல்போன் டவர் செத்துப்போனால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அன்று கிடைத்த பதில்களில் ஹாம் ரேடியோவும் ஒன்று.

அவர்கள் அன்று பயன்படுத்தியது செயற்கைக்கோள் அல்ல, சிற்றலை. சிற்றலை வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும். ஆனால் அந்த அடுக்கின் நிலை பகலுக்கும் இரவுக்கும் மாறும், சூரியனின் போக்குக்கு ஏற்பவும் மாறும். கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமலும் போகலாம். ஹாம்களுக்கென்றே வானத்தில் ஒரு செயற்கைக்கோள் இருந்தால், கையில் பிடிக்கிற சிறிய ஆன்டெனாவை வைத்தே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பேசலாம். இந்தியாவுக்கு அப்படி ஒரு கோள், சுனாமிக்கு நான்கு மாதங்களுக்குப் பிறகு கிடைத்தது. வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது.

2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-6 ராக்கெட் புறப்பட்டது. அங்கே புதிதாகக் கட்டப்பட்ட இரண்டாவது ஏவுதளத்திலிருந்து சென்ற முதல் ராக்கெட் அது. அப்போது குடியரசுத் தலைவராக இருந்த டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அந்த ஏவுதளத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். ராக்கெட்டின் முக்கியப் பயணி 1,560 கிலோ எடையுள்ள கார்ட்டோசாட்-1. கூடவே ஒட்டிக்கொண்டு போனது 42.5 கிலோ எடையுள்ள ஹாம்சாட். உலக ஹாம்கள் வழக்கப்படி அதற்கு ஓ.எஸ்.சி.ஏ.ஆர். வரிசையில் 52-ஆம் எண் கிடைத்தது. வி.ஓ.-52 என்றும் அதை அழைப்பார்கள்.

இரண்டு வருடம் வேலை செய்தால் போதும் என்ற கணக்கில் அனுப்பப்பட்ட இந்தச் சின்னஞ்சிறு கோள் ஒன்பது வருடங்களுக்கு மேல் வேலை செய்தது. அதற்குள் ஒரே வேலையைச் செய்ய இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள் இருந்தன. ஒன்று இந்தியாவில் செய்யப்பட்டது, மற்றது நெதர்லாந்தில் ஒரு மாணவர் செய்தது. ஒன்றுக்கு இரண்டாக ஏன் வைத்தார்கள், அப்படி வைத்தும் கடைசியில் கோள் எப்படி நின்றது என்பதைப் புரிந்துகொண்டால், எந்த அவசரகாலத் தகவல் தொடர்பையும் எப்படி அமைக்க வேண்டும் என்பது ஓரளவு விளங்கும்.

டிரான்ஸ்பாண்டர் என்ன செய்கிறது?

எளிமையாகச் சொன்னால், கேட்டதைத் திருப்பிச் சொல்லும் கருவி. தரையிலிருந்து ஓர் அலைவரிசையில் வரும் சிக்னலை வாங்கி, வலுவூட்டி, வேறோர் அலைவரிசைக்கு மாற்றி, திரும்பவும் தரைக்கு அனுப்பும். வாங்கும் அலைவரிசையிலேயே திருப்பி அனுப்பினால் தன் குரலையே தான் கேட்டு உளறிவிடும். மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் நீட்டினால் 'கீங்' என்று கத்துகிறதே, அதே கதைதான்.

ஹாம்சாட்டில் வாங்கும் அலைவரிசை 435.220 முதல் 435.280 மெகாஹெர்ட்ஸ் வரை. அனுப்பும் அலைவரிசை 145.870 முதல் 145.930 வரை. அகலம் 60 கிலோஹெர்ட்ஸ். இந்த அகலத்துக்குள் எத்தனை பேருடைய குரல்கள் வந்தாலும் அப்படியே மொத்தமாகத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிடும். இதனால்தான் இதை நேரியல் டிரான்ஸ்பாண்டர் என்கிறார்கள். ஒரே நேரத்தில் பல ஜோடிகள் பேசலாம். ஆனால் எல்லோருக்கும் சேர்த்து அதனிடம் இருந்தது ஏறக்குறைய 1 வாட் சக்தி மட்டுமே. ஒருவர் தரையிலிருந்து அதிகச் சக்தியில் கத்தினால், அந்த ஒரு வாட்டின் பெரும் பங்கை அவரே எடுத்துக்கொள்வார். மற்றவர்களின் குரல் அமுங்கிவிடும். பந்தியில் உட்கார்ந்து எல்லாக் கறியையும் தன் பக்கம் இழுப்பவரைப் போல.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. வாங்கிய அலைத்தொகுதியைத் தலைகீழாகப் புரட்டி அனுப்புவார்கள். மேலே இருந்தது கீழே, கீழே இருந்தது மேலே. கோள் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் பறப்பதால், ரயில் ஹாரன் நம்மை நெருங்கும்போது ஒரு சுருதியிலும் கடந்துபோகும்போது வேறு சுருதியிலும் கேட்பதுபோல, அலைவரிசை நகரும். 435-இல் இந்த நகர்வு சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் வரை இருக்கும், 145-இல் மூன்று சொச்சம். புரட்டி அனுப்பினால் ஒன்றிலிருந்து மற்றது கழிந்துவிடும். நேராக அனுப்பினால் இரண்டும் கூடிவிடும்.

இரண்டு வைத்தால் போதுமா?

மொபைல் டவரில் பழுது வந்தால் ஆள் ஏறிச் சரிசெய்வார். 630 கிலோமீட்டர் உயரத்தில் ஏற ஆளில்லை. ஒரு டிரான்சிஸ்டர் கருகினாலும், வெயிலிலும் குளிரிலும் மாறி மாறி விரிந்து சுருங்கி ஒரு சால்டர் இணைப்பு விட்டாலும், கதை முடிந்தது. எனவே ஒன்று போனால் இன்னொன்று என்று வைப்பது யாருக்கும் தோன்றுவதுதான். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

நம் பள்ளிவாசல்களையே எடுத்துக்கொள்ளுங்கள். பல பள்ளிகளில் ஆம்ப்ளிஃபயர் இரண்டு இருக்கும். ரமலானில் ஸஹர் நேரத்தில் ஒன்று மக்கர் செய்தால் மோதினார் உடனே மற்றதைப் போட்டுவிடுவார். ஆனால் இரண்டும் ஒரே பிளக் பாயின்ட்டில் இருந்து, அந்த லைனில் ஃபியூஸ் போய்விட்டால்? இரண்டு இருந்தும் பயனில்லை. இன்வெர்ட்டர் வைத்திருந்தால் சமாளிக்கலாம். அந்த இன்வெர்ட்டரின் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி எத்தனை மாதம் ஆயிற்று என்பது அடுத்த கேள்வி.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். ஒரு டிரான்ஸ்பாண்டர் இரண்டு வருடத்துக்குள் பழுதாகும் வாய்ப்பு 100-க்கு 10 என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி பழுதாகும் வாய்ப்பு 100-க்கு 5. ஒரே டிரான்ஸ்பாண்டர் இருந்தால் கோள் மௌனமாகும் வாய்ப்பு சுமார் 14.5 சதவீதம். இரண்டு வைத்தால் இரண்டுமே போவதற்கான வாய்ப்பு 100-க்கு 1 ஆகிவிடும். மொத்தம் சுமார் 6 சதவீதமாகக் குறையும். நல்ல லாபம். சரி, மூன்றாவதாக ஒன்றையும் வைப்போமே என்றால்? 5.1 சதவீதம். கூடுதல் எடை, கூடுதல் செலவு, கிடைத்த லாபம் ஒரு சதவீதம்கூட இல்லை. ஏனென்றால் மிச்சமிருக்கும் ஆபத்து முழுவதும் பேட்டரியில் இருக்கிறது, அது மூன்றுக்கும் பொதுவானது. மாற்றுக் கருவி வைத்து வடிவமைக்கிற எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை வைத்திருக்கிறோம்' என்பதல்ல. 'அவை அனைத்தும் எதை நம்பி இருக்கின்றன' என்பதே.

இரண்டு நாடு, இரண்டு கை

மேலே போட்ட கணக்கில் ஓர் ஓட்டையும் உண்டு. இரண்டு டிரான்ஸ்பாண்டர்களின் பழுதுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லை என்று எடுத்துக்கொண்டோம். ஒரே வரைபடத்தைப் பார்த்து, ஒரே பெட்டியிலிருந்து எடுத்த பாகங்களை வைத்து, ஒரே ஆள் இரண்டு செட் செய்தால் அது பொருந்தாது. வரைபடத்தில் ஒரு தவறு இருந்தால் இரண்டிலும் அதே தவறு இருக்கும். விண்வெளிக் கதிர்வீச்சு ஒன்றில் எந்தச் சிப்பைக் கெடுக்கிறதோ, மற்றதிலும் அதே சிப்பைத்தான் கெடுக்கும். இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் அம்மை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஹாம்சாட் இந்த இடத்தில்தான் சிறந்து நிற்கிறது. முதல் டிரான்ஸ்பாண்டரை இஸ்ரோவின் தொழில்நுட்ப உதவியோடும் ஆம்சாட்-இந்தியாவின் அனுபவத்தோடும் இந்திய ஹாம்கள் உருவாக்கினார்கள். இரண்டாவதை நெதர்லாந்தின் வென்லோ நகரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த வில்லியம் லெய்யெனார் என்ற ஹாம் உருவாக்கினார். வெவ்வேறு மூளை, வெவ்வேறு பட்டறை. ஒருவர் செய்த தவறை மற்றவரும் அதே இடத்தில் செய்திருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு மாணவரின் கைவேலைக்கு இஸ்ரோ தன் கோளில் இடம் கொடுத்தது என்பதையும் நம் கல்லூரிப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

இரண்டும் ஒரே அலைவரிசையில் வேலை செய்ததால் ஒரே நேரத்தில் இரண்டையும் இயக்க முடியாது. ஒன்று ஓடும்போது மற்றது அணைந்திருக்கும். இதனால் சோலார் பலகைகள் தரும் மின்சாரமும் மிச்சம், அணைந்திருக்கும் கருவியின் பாகங்கள் தேய்வதும் குறைவு. இப்போது எது ஓடுகிறது என்று தரையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். இந்தியக் கருவி ஓடினால் 145.936 மெகாஹெர்ட்ஸில் ஒரு தொடர் ஒலி கேட்கும். டச்சுக் கருவி ஓடினால் 145.860-இல் மோர்ஸ் கேட்கும்.

வெளியில் தெரியாத இன்னொரு வேலையும் இதில் உண்டு. ஒரு கருவி கெடும்போது சும்மா அணைந்துபோனால் பிரச்சினையில்லை. ஷார்ட் ஆகி, இருக்கும் மின்சாரத்தையெல்லாம் உறிஞ்சத் தொடங்கினால் பக்கத்தில் இருக்கும் நல்ல கருவியையும் சேர்த்துக் கொன்றுவிடும். எனவே ஒவ்வொன்றின் மின்பாதையிலும் தனித்தனியாக மின்னோட்டக் கட்டுப்பாடும் சுவிட்சும் வேண்டும். அப்படியானால் அந்தச் சுவிட்ச் கெட்டால்? ஆன்டெனாவை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும் ரிலே நடுவில் சிக்கிக்கொண்டால்? மாற்று ஏற்பாட்டுக்காகச் சேர்க்கிற ஒவ்வொரு பொருளும் தானே ஒரு புதிய பலவீனம். நல்ல வடிவமைப்பாளர் ரிலேவுக்குப் பயந்து சில இடங்களில் மாற்று ஏற்பாடே வேண்டாம் என்று விட்டுவிடுவதும் உண்டு. அது சோம்பேறித்தனமல்ல.

கட்டளையை வாங்கும் ரிசீவர் விஷயத்தில் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. ஹாம் கோள் மற்றவர்களுக்கு இடையூறு செய்தால் உடனே அணைப்பதற்குத் தரையில் கட்டளை நிலையங்கள் இருக்க வேண்டும் என்பது சர்வதேச வானொலி விதி. கட்டளை ரிசீவர் செவிடானால், நன்றாக வேலை செய்யும் டிரான்ஸ்பாண்டர்கூட யாருக்கும் அடங்காத கருவியாகிவிடும். பல நாட்கள் எந்தக் கட்டளையும் வரவில்லையென்றால் 'என் காதில்தான் கோளாறு போலும்' என்று தானே முடிவு செய்து மாற்று ரிசீவருக்குப் போகிற கடிகாரம் ஒன்றையும் சில கோள்களில் வைப்பார்கள்.

பாதியை இழந்தும் பிழைத்த கோள்

மாற்று ஏற்பாடு உயிர் கொடுத்ததற்கு 2000-ஆம் ஆண்டின் ஏ.ஓ.-40 நல்ல உதாரணம். அந்த ஆண்டு நவம்பர் 16 அன்று ஏரியான்-5 ராக்கெட்டில் போன மிகப் பெரிய ஹாம் கோள் அது. பல அலைவரிசைகளில் ரிசீவர்கள், பல அலைவரிசைகளில் டிரான்ஸ்மிட்டர்கள். நடுவில் ஓர் இணைப்புப் பலகை. எந்த ரிசீவரையும் எந்த டிரான்ஸ்மிட்டரோடும் சேர்த்துக்கொள்ளலாம். குறுக்கிணைப்பு என்பது இதைத்தான்.

டிசம்பர் 13 அன்று உந்து எஞ்சின் தொடர்பான வேலை நடந்தபோது விபத்து நேர்ந்தது. கோள் மௌனமாகிவிட்டது. ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 25 அன்று தரையிலிருந்து கட்டளை அனுப்பி 2.4 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டரை இயக்கினார்கள். கோள் பேசியது! வழக்கமாகப் பயன்படுத்தும் 145, 435 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டர்கள் போய்விட்டன. ஆனால் 435-இல் கேட்கும் காது பிழைத்திருந்தது. பிழைத்த காதையும் பிழைத்த வாயையும் சேர்த்து ஒரு புதிய டிரான்ஸ்பாண்டர் உருவாயிற்று. 'இந்தக் காது இந்த வாய்க்கு மட்டும்' என்று தனித்தனி ஜோடிகளாக வைத்திருந்தால் அது நடந்திருக்காது. உலக ஹாம்கள் அதன்மூலம் 2004 ஜனவரி வரை பேசினார்கள். அப்போது அதை நிறுத்தியது எது தெரியுமா? பேட்டரி.

பேட்டரி செத்தால்

ஹாம்சாட்டும் அப்படித்தான் போனது. 2014 ஜூலை 11 அன்று அதன் பணி முடிந்தது. லித்தியம்-அயான் பேட்டரி செயலிழந்துவிட்டது. இரண்டு நாட்டுக் கருவிகளும் பொதுவாக நம்பியிருந்த ஒரு பொருள் போனதும் இரண்டும் சேர்ந்தே மௌனமாயின.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஹாம்சாட் பூமியை ஒருமுறை சுற்ற சுமார் 97 நிமிடம் ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் அரைமணி நேரத்துக்கு மேல் பூமியின் நிழலுக்குள் போகும்; அப்போது பேட்டரி இறங்கும். வெயிலுக்கு வந்ததும் ஏறும். ஒன்பது வருடத்தில் இப்படி ஏறக்குறைய 50 ஆயிரம் தடவை. நம் வீட்டு செல்போன் பேட்டரி தினம் ஒருமுறை சார்ஜ் ஆகியே மூன்று வருடத்தில் தளர்ந்துவிடுகிறது என்பதை யோசித்தால், ஹாம்சாட் பேட்டரி ஒன்பது வருடம் உழைத்ததே பெரிது. மாஷா அல்லாஹ் என்றுதான் சொல்ல வேண்டும்.

பேட்டரி இல்லாமல் ஒரு கோள் வாழ முடியுமா? ஆஸ்கார்-7 வாழ்ந்து காட்டியது. 1974 நவம்பர் 15 அன்று ஏவப்பட்டது. இதிலும் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள். ஆனால் ஹாம்சாட் போல ஒரே அலைவரிசையில் அல்ல, வெவ்வேறு அலைவரிசைகளில். 1981-இல் பேட்டரி ஷார்ட் ஆகி, சோலார் பலகைகள் தந்த மின்சாரத்தையெல்லாம் விழுங்கிவிட்டது. கோள் செத்தது என்று எழுதி மூடிவிட்டார்கள்.

2002 ஜூன் 21 அன்று இங்கிலாந்தில் ஒரு ஹாம், ஆகாயத்தில் எதிர்பாராத மோர்ஸ் ஒலியைக் கேட்டார். ஆஸ்கார்-7! இடையில் எப்போதோ அந்த ஷார்ட் தானாகவே அறுந்துவிட்டது. பேட்டரி பாதையிலிருந்து விலகியதும் சோலார் பலகைகளின் மின்சாரம் நேராகக் கருவிகளுக்குப் போகத் தொடங்கியது. வெயிலில் இருக்கும்போது பேசும், நிழலுக்குள் போனால் தூங்கும், மறுபடி வெயில் பட்டதும் இரண்டு டிரான்ஸ்பாண்டர்களில் ஏதோ ஒன்றில் விழிக்கும். தொடர்ந்து வெயில் கிடைக்கும் காலத்தில், 1974-இல் வைத்த கடிகாரம் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிவிடும். 21 வருடத் தூக்கத்துக்குப் பிறகு எழுந்தது என்றதும் நமக்குக் குகைவாசிகளின் வரலாறு நினைவுக்கு வந்தாலும், பொறியாளர்களுக்கு அதில் கிடைத்த பாடம் நேரடியானது. பேட்டரி கெட்டால் அதைத் துண்டித்துவிட்டு வெயிலில் மட்டுமாவது ஓடும் வழியைத் தொடக்கத்திலேயே வைத்துவிட வேண்டும். ஆஸ்கார்-7-க்கு அது யாரும் திட்டமிடாமல் கிடைத்தது.

கையளவு கோளில் இரண்டுக்கு இடமேது?

இப்போது மாணவர்கள் செய்யும் கோள்கள் பத்து சென்டிமீட்டர் சதுரப் பெட்டிகள். 2017 பிப்ரவரி 15 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-37 ஒரே தடவையில் 104 கோள்களைக் கொண்டுபோனது நினைவிருக்கும். அவற்றில் ஒன்று ஐக்கிய அரபு அமீரகத்தின் நாயிஃப்-1. முஹம்மது பின் ராஷித் விண்வெளி மையமும் ஷார்ஜா அமெரிக்கப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, மாணவர்களைக் கொண்டு செய்தது. அதிலும் ஒரு நேரியல் டிரான்ஸ்பாண்டர் இருந்தது. அந்தப் பெட்டிக்குள் இரண்டாவதை வைக்க இடமுமில்லை, மின்சாரமுமில்லை.

எனவே மாற்று ஏற்பாடு பெட்டிக்கு வெளியே போய்விட்டது. ஃபன்கியூப் என்ற குழு உருவாக்கிய அதே வகை டிரான்ஸ்பாண்டர் பல கோள்களில் பறந்தது. 2013-இல் ஃபன்கியூப்-1, பிறகு நாயிஃப்-1, 2018 டிசம்பரில் ஜோர்தானின் ஜே.ஒய்.1-சாட். இந்தக் கடைசிப் பெயரில் ஒரு வரலாறு உண்டு. ஜே.ஒய்.1 என்பது மறைந்த மன்னர் ஹுசைனின் ஹாம் அழைப்புக் குறி; மன்னரே ஒரு ஹாம். ஒரு கோள் போனால் அரைமணி நேரம் கழித்து இன்னொரு கோள் தலைக்கு மேல் வரும் என்ற ஏற்பாட்டில் பேட்டரியும் தனித்தனி, ராக்கெட்டும் தனித்தனி. ஆனால் டிரான்ஸ்பாண்டர் ஒரே குடும்பம் என்பதை நாம் மேலே பார்த்த கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எனக்கென்னவோ, ஹாம்சாட்டின் இரண்டு கைகளும் நாயிஃபின் தனித்தனிப் பெட்டிகளும் சேர்ந்த ஒரு ஏற்பாடுதான் பேரிடர் காலத்துக்கு நம்பகமானது என்று தோன்றுகிறது.

கத்தார் எடுத்த வழி வேறு. 2018 நவம்பர் 15 அன்று ஏவப்பட்ட எஸ்ஹைல்-2 என்ற வணிகத் தொலைக்காட்சிக் கோளிலேயே ஹாம்களுக்கு இரண்டு டிரான்ஸ்பாண்டர்களை ஒதுக்கினார்கள். ஒன்று குரலுக்கும் மோர்ஸுக்கும், மற்றது டிஜிட்டல் படத்துக்கு. புவிநிலைச் சுற்றுப்பாதையில் ஹாம்களுக்குக் கிடைத்த முதல் இடம் இது. கியூ.ஓ.-100 என்று பெயர். கோள் எப்போது வரும் என்று காத்திருக்கத் தேவையில்லை, வானத்தில் ஒரே இடத்தில் நிற்கும். பேட்டரி, சோலார் பலகை, திசை கட்டுப்பாடு எல்லாம் வணிகக் கோளுடையவை. ஆனால் அத்தனையும் ஒரே கூடையில் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

இதைக் கேட்பது நம் ஊரிலேயே முடியும். கோள் நிற்பது கிழக்குத் தீர்க்கரேகை 26 பாகைக்கு அருகில். சென்னையிலிருந்து பார்த்தால் மேற்கு வானில் சுமார் 27 பாகை உயரம், தென்கோடிக் கடற்கரை ஊர்களில் சுமார் 30. மேற்கே மரமோ மாடியோ மறைக்காத மொட்டைமாடி வேண்டும். அது இறக்கும் அலைவரிசை 10,489 மெகாஹெர்ட்ஸையொட்டி இருப்பதால் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய டிஷ்ஷும் எல்.என்.பி.யும் கம்ப்யூட்டரில் செருகும் ஒரு சிறிய எஸ்.டி.ஆர். ரிசீவரும் போதும். அதுவும் இல்லையென்றால், இங்கிலாந்தின் கூன்ஹில்லியில் வைத்திருக்கும் ரிசீவரை இணையம் வழியாகவே யாரும் திருப்பிக் கேட்கலாம்.

பேசுவதற்கு மட்டும் உரிமம் கட்டாயம். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறையில் உள்ள டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற வேண்டும். 12 வயது நிறைந்த எவரும் எழுதலாம். பாடம், அடிப்படை மின்னணுவியலும் வானொலி விதிகளும். பத்தாம் வகுப்பு இயற்பியல் புரிந்த பிள்ளைக்குச் சில மாதத் தயாரிப்பே போதும். தொடக்கநிலை உரிமத்துக்கு மோர்ஸ் தேவையில்லை. பொது நிலைக்குப் போகிறவர்கள் நிமிடத்துக்கு எட்டுச் சொல் வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் வாங்கவும் பழகிக்கொள்ள வேண்டும்.